கம்பு, சோளத்தில் சாக்லேட் பிஸ்கட் வில்லை

பெரம்பலூர் மாவட்டத்தின் மானாவாரிக் கரிசலில் இன்று கண்ணுக்கு எட்டிய தூரம் தெரிவது மக்காச்சோளமும் பருத்தியும்தான். மக்காச்சோள சாகுபடியில் தமிழ்நாட்டின் முன்னணி மாவட்டங்களில் இதுவும் ஒன்று. விளைந்ததில் பெரும் பங்கு லாரியேறி நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்துக்குப் போய்விடுகிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு இதே நிலத்தில் கம்பும் சோளமும் வரகும் விளைந்தன. அவை இப்போது காட்டு ஓரத்துக்குச் சுருங்கிவிட்டன. பக்கத்து அரியலூர் மாவட்டத்திலோ ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை வட்டாரச் செம்மண் காடுகளில் முந்திரி நிற்கிறது. நிலக்கடலையும் உண்டு.

விளைவது இப்படியிருக்க, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் கையில் இருப்பது ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட். மைதா, சர்க்கரை, பாமாயில் இந்த மூன்றுமே அதில் பெரும் பகுதி. கொஞ்சம் வசதி வந்த வீடுகளில் உடம்புக்கு நல்லது என்று ஓட்ஸ் வாங்கி வைக்கிறார்கள். ஓட்ஸ் குளிர்ப் பிரதேசத்துத் தானியம். நம் கடைகளில் விற்பதில் கணிசமான பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வருவது. கம்பை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அந்தக் காசில் கடல் கடந்து வந்த தானியத்தை வாங்கித் தின்ன வேண்டிய அவசியம் சிறு விவசாயிக்கு இல்லை.

மேல்நாட்டு வீடுகளில் ஓட்ஸும் சாக்லேட்டும் கலந்து, தட்டில் பரப்பிச் சுட்டு, மைசூர்பாகு போல வில்லை போட்டு எடுக்கும் ஒரு பிஸ்கட் உண்டு. செய்வது மிகச் சுலபம். உருட்டவோ அச்சில் வெட்டவோ தேவையில்லை. அதே பண்டத்தை ஓட்ஸுக்குப் பதில் நம் கம்பு மாவும் சோள அவலும் போட்டுச் செய்யலாம். மாவைச் சேர்த்துப் பிடிக்க நிலக்கடலை விழுது, இனிப்புக்கு வெல்லம், மேலே தூவ அரியலூர் முந்திரி. கோகோவும் சாக்லேட்டும் மட்டுமே வெளியிலிருந்து வாங்க வேண்டியவை. கோகோ மரத்துக்கு நிழலும் ஈரமும் வேண்டும். பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வருகிறது. பெரம்பலூர் வெயிலில் அதை நட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

கம்பு மாவில் தனி பிஸ்கட் சுட்டுப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். எடுக்கும்போதே உதிர்ந்துவிடும். கோதுமையில் குளூட்டன் என்ற பசைப் புரதம் இருக்கிறது. மாவை இழுத்துப் பிடிப்பது அதுதான். கம்பு, சோளம், வரகு எதிலும் அது கிடையாது. அதனால்தான் தட்டில் கனமாகப் பரப்பி, முழுதாகச் சுட்டு, ஆறியபின் வெட்டும் இந்த முறை சிறுதானியத்துக்குப் பொருந்தி வருகிறது. வெல்லப் பாகும் கடலை விழுதும் வாழைப்பழமும் சேர்ந்து, குளூட்டன் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிடுகின்றன. கடலை மிட்டாயைப் பாகு பிடித்து நிறுத்துவது போலத்தான் இதுவும்.

கம்பு மாவு கசப்பது ஏன்?

செய்முறைக்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும். சிறுதானியப் பண்டம் செய்யத் தொடங்கிய பலர் பாதியில் கைவிட்டதற்கு முக்கியக் காரணம் மாவின் கசப்பு. மற்றத் தானியங்களை விடக் கம்பில் கொழுப்புச் சத்து கூடுதல். முழுத் தானியமாக இருக்கும்வரை அது கெடுவதில்லை. அரைத்தவுடன் தானியத்திலேயே இருக்கும் நொதி அந்தக் கொழுப்பைப் பிரிக்கத் தொடங்கும். ஒரு வாரம், பத்து நாளில் மாவில் காறல் வாடை வந்துவிடும். அந்த மாவில் எவ்வளவு சாக்லேட் கொட்டினாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும்.

இதற்கு வழி எளியது. கல், தூசி நீக்கிய கம்பைத் துணியில் தளர்வாகக் கட்டி, கொதிக்கும் நீரில் அரை நிமிடம் முக்கி எடுக்க வேண்டும். நீரை வடித்துச் சுத்தமான துணியில் பரப்பி, பல்லில் கடித்தால் நறுக்கென்று உடையும் வரை வெயிலில் காயவிட வேண்டும். பிறகு வாணலியில் மிதமான சூட்டில் மணம் வரும்வரை வறுத்து, ஆறவிட்டு மில்லில் அரைக்கலாம். சூட்டில் நொதி செயலிழந்துவிடுவதால் மாவு பச்சை மாவை விட வெகு நாள் தாங்கும். அப்படியும் ஒரு மாதத் தேவைக்கு மேல் அரைத்து வைப்பது புத்திசாலித்தனமல்ல. மிளகாய், மல்லி அரைத்த கையோடு கம்பைப் போட்டால் வில்லையில் மிளகாய் நெடி ஏறும். அரிசி அரைத்த பின் போடச் சொல்லி மில்காரரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும்.

தேவையான பொருள்கள்

எட்டு அங்குலச் சதுரத் தட்டு ஒன்றுக்கு, 16 வில்லைகளுக்கு இந்த அளவு:

வறுத்து அரைத்த கம்பு மாவு 120 கிராம், சோள அவல் அல்லது வரகு அவல் 180 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 125 கிராம், பொடித்த வெல்லம் 120 கிராம், நெய் 50 கிராம், நன்கு பழுத்த பூவன் பழம் 3, காய்ச்சி ஆறிய பால் 75 மில்லி (சிறிய தம்ளரில் முக்கால்), இனிப்பில்லாத கோகோ தூள் 20 கிராம், பொடியாக நறுக்கிய கருப்புச் சாக்லேட் 50 கிராம், முந்திரி உடைசல் 50 கிராம், ஆப்ப சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை.

முழு முந்திரி வாங்கத் தேவையில்லை. பருப்பு உடைக்கும் இடங்களில் உடைசல் விலை குறைவு, ருசி ஒன்றுதான். சாக்லேட் வாங்கும்போது உறையைப் படிக்க வேண்டும். 'காம்பவுண்ட்' என்று கட்டியாக விற்பதில் கோகோ வெண்ணெய் இருக்காது. அதற்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்திருப்பார்கள். விலை மலிவுதான். ஆனால் பாமாயிலைத் தவிர்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டு அதையே சாக்லேட் வடிவில் வாங்கி வருவதில் பொருளில்லை.

அவல் கிடைக்காத ஊர்களில் வெள்ளைச் சோளத்தைச் சூடான மணலில் பொரித்து, சலித்து, பாதியைக் கொரகொரப்பாக நொறுக்கிப் போடலாம். பொரி எடை குறைவாக இருக்கும். 120 கிராம் போதும். பாலையும் பாதியாகக் குறைத்துக் கொள்ள வேண்டும்.

செய்முறை

முதலில் கடலையை எண்ணெய் கக்கும் வரை மிக்ஸியில் அரைத்து விழுதாக்கிக் கொள்ள வேண்டும். விட்டு விட்டு ஓட்டினால் மிக்ஸி சூடேறாது. வெல்லத்தில் கால் தம்ளர் நீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி மண் நீக்கி, பிசுபிசுப்பு வரும்வரை கொதிக்கவிட்டு இறக்க வேண்டும். கடலை மிட்டாய்க்குப் போலக் கெட்டிப் பாகு ஆகிவிடக் கூடாது. ஆனால் வில்லை கல்லாகிவிடும்.

வெதுவெதுப்பான பாகில் நெய், கடலை விழுது, மசித்த பழம், பால் நான்கையும் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்க வேண்டும். கம்பு மாவு, கோகோ, சோடா, உப்பு இவற்றைத் தனியே இரண்டு முறை சலித்து, அவலோடு சேர்த்து இந்தக் கலவையில் கொட்டிக் கிளற வேண்டும். இட்லி மாவை விடக் கெட்டியாக, புட்டு மாவை விடத் தளர்வாக, கரண்டியில் எடுத்தால் மெதுவாக விழும் பதம் சரியானது. இப்போது கால் மணி நேரம் அப்படியே மூடி வைக்க வேண்டும். சிறுதானியம் ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும். அவசரப்பட்டு உடனே சுட்டால் அவல் பல்லில் நெருடும். ஊறியபின் மிகவும் இறுகிவிட்டால் ஒரு கரண்டி பால் தெளித்துக் கொள்ளலாம். கடைசியாக, கலவை முழுதும் ஆறிய பிறகு, சாக்லேட் துண்டுகளில் பாதியைக் கலந்து, நெய் தடவிய தட்டில் கொட்டிச் சமமாக அழுத்தி, மீதிச் சாக்லேட்டையும் முந்திரியையும் மேலே பதித்துவிட வேண்டும்.

மின் ஓவன் இருந்தால் 175 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம். பெரும்பாலான வீடுகளில் ஓவன் இருக்காது. அடி கனமான இரும்புச் சட்டி போதும். சட்டியில் ஓர் அங்குல உயரத்துக்குக் கல் உப்பு அல்லது கழுவிக் காயவைத்த ஆற்று மணல் பரப்பி, மேலே ஒரு பிரிமனை வைத்து, கனமான மூடி போட்டுப் பத்து நிமிடம் சூடேற்ற வேண்டும். பிறகு தட்டை உள்ளே வைத்து, தீயைச் சிறிதாக்கி 35 முதல் 40 நிமிடம் விட வேண்டும். பாதி நேரத்தில் மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கம் கூடாது, சூடு இறங்கிவிடும். விறகடுப்பானால் கங்கு மட்டும் இருக்க வேண்டும். மூடியின் மேலும் நாலு கங்கு போட்டால் மேற்பக்கம் நன்றாக வரும். குக்கரில் சுடுபவர்கள் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். இதை மறந்தால் ஆபத்து. மெல்லிய அலுமினியப் பாத்திரம் உதவாது. தண்ணீரில்லாமல் காய்ந்தால் வளைந்தோ ஓட்டை விழுந்தோ போகும்.

ஓரம் தட்டை விட்டு விலகி, நடுவில் குத்திய ஈர்க்குச்சி மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது என்று பொருள். தொட்டால் மெத்தென்றிருக்கும், வேகவில்லை என்று நினைத்து மேலும் சுட்டுவிடக் கூடாது. ஆற ஆற இறுகும். ஒரு மணி நேரம் ஆறிய பிறகே கத்தி போட வேண்டும். சூட்டில் வெட்டினால் உதிரும். உதிர்ந்ததைப் பாலில் போட்டுச் சாப்பிடப் பிள்ளைகள் தயாராகவே இருப்பார்கள்.

எவ்வளவு நல்லது?

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுப் பட்டியலின்படி 100 கிராம் கம்பில் இரும்புச் சத்து 6 மில்லி கிராமுக்குச் சற்று மேல். தீட்டிய அரிசியில் ஒரு மில்லி கிராம் கூட இல்லை. நார்ச்சத்து கம்பில் சுமார் 11 கிராம், மைதாவில் 3 கிராமுக்கும் கீழ். கடலையும் முந்திரியும் புரதம் கூட்டுகின்றன. இதுவரை நல்ல செய்தி.

ஆனால் வெல்லமும் சர்க்கரையே. வெல்லம் போட்டது என்பதற்காகச் சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. மேற்சொன்ன அளவில் ஒரு வில்லைக்கு வெல்லம் ஏழரை கிராம். சாக்லேட்டில் உள்ளதையும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சமம். நெய், கடலை, முந்திரி மூன்றிலும் கொழுப்பும் உண்டு. பிள்ளைக்கு நாளுக்கு ஒன்று போதும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு முந்திரித் துண்டு தொண்டையில் அடைக்கும். பொடித்துத்தான் சேர்க்க வேண்டும். கடலை ஒத்துக் கொள்ளாத பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

பூஞ்சணம் இரண்டாவது எச்சரிக்கை. பூசணம் பிடித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. வறுத்தாலும் சுட்டாலும் அது முற்றாக அழியாது, ஈரலைத் தாக்கும். சுருங்கிய, நிறம் மாறிய, பச்சையாகவோ கருப்பாகவோ பூசணம் படர்ந்த பருப்பை வில்லையில் மட்டுமல்ல, எண்ணெய்க்கும் போடக் கூடாது. மாட்டுக்கும் வைக்கக் கூடாது, பால் வழியே திரும்பி வரும். வரகிலும் இதே கதை உண்டு. அறுவடையில் மழை நனைந்த வரகைத் தின்றால் தலை சுற்றும், மயக்கம் வரும் என்று பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். 'கிறுக்கு வரகு' என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் வரகு வயலில் மேய்ந்த பத்து யானைகள் இறந்தன. சோதனையில் கண்டது வரகில் பூசணத்தால் உண்டாகும் சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற நச்சு. தானியத்தின் மேல் குற்றமில்லை. நனைந்ததைக் காயவிடாமல் அடுக்கியதில்தான் குற்றம். நன்கு காய்ந்து, வாடையில்லாத வரகாகப் பார்த்து எடுத்துக் கொண்டால் பயமில்லை.

விற்றால் கட்டுமா?

சிறுதானியத்துக்கு இப்போது நல்ல பெயர் கிடைத்திருக்கிறது. இந்தியா முன்மொழிந்ததன் பேரில் 2023-ஆம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதிலிருந்து மதிப்புக் கூட்டுங்கள், விற்றால் பத்து மடங்கு லாபம் என்ற பேச்சு கூட்டங்களில் அதிகமாகிவிட்டது. பேச்சை விடக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த கம்பின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,775 ரூபாய். அந்தக் கணக்கில் ஒரு தட்டுக்கு வேண்டிய 120 கிராம் கம்பின் விலை நாலு ரூபாய் கூட ஆகாது. மற்றவற்றைப் பார்ப்போம். நெய் கிலோ 700 ரூபாய் என்று வைத்தால் 35 ரூபாய். கோகோ கிலோ ஆயிரம் என்றால் 20, சாக்லேட் 500 என்றால் 25, முந்திரி உடைசல் 600 என்றால் 30. இந்த நான்குமே 110 ரூபாய். அவல், கடலை, வெல்லம், பழம், பால், எரிபொருள் எல்லாம் சேர்த்தால் தட்டுக்குச் சுமார் 180 ரூபாய். வில்லை ஒன்றுக்கு 11 ரூபாய்க்குச் சற்று மேல். உறை, கூலி, கடைக்காரர் கழிவு சேர்த்தால் 18, 20 ரூபாய்க்கு விற்றால்தான் கையில் ஏதாவது நிற்கும். பக்கத்து அலமாரியில் ஐந்து ரூபாய் மைதா பிஸ்கட் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு கிலோ கம்பில் எட்டுத் தட்டு, அதாவது 130 வில்லை வரை ஆகிவிடும். ஒரு குவிண்டால் கம்பைத் தீர்க்க 13,000 வில்லை விற்க வேண்டும். ஆகவே களத்தில் குவிந்த கம்புக்கு இது சந்தை அல்ல. விற்பனைக்கு வருபவர்கள் இதைத் தெரிந்து கொண்டு வர வேண்டும்.

வீட்டுக்கு மட்டும் செய்தால் கணக்கே வேறு. நெய்க்குப் பதில் கடலை எண்ணெய், முந்திரிக்குப் பதில் சொந்தக் கடலை, சாக்லேட் துண்டை விட்டுவிட்டுக் கோகோ மட்டும். இப்படிச் செய்தால் தட்டுக்கு 80 ரூபாய் குறைந்து, வில்லை ஆறேகால் ரூபாய்க்கு வந்துவிடும். சொந்தச் சோளம் பொரித்தால் இன்னும் குறையும். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அன்றாட பிஸ்கட் பாக்கெட்டுக்கு ஆகும் செலவோடு இது ஒத்து வரும். வயிற்றுக்குப் போவது மட்டும் சொந்தக் காட்டுத் தானியமாக இருக்கும்.

வாழைப்பழம் சேர்த்த வில்லை வெளியில் மூன்று நாளைக்கு மேல் தாங்காது. விற்க விரும்பும் மகளிர் குழுக்கள் பழத்தை நீக்கி, பாகைச் சற்றுக் கூட்டி, தீயைக் குறைத்துக் கூடுதல் நேரம் உலரச் சுட வேண்டும். எத்தனை நாள் தாங்கும் என்பதை யாரும் சொல்லித் தெரிந்து கொள்ள முடியாது. முதல் ஈட்டில் பத்து வில்லைகளை உறையிட்டு வைத்து, தினம் ஒன்றைப் பிரித்து முகர்ந்து, தின்று பார்க்க வேண்டும். காறல் தெரிந்த நாளில் பாதியை உறையில் தேதியாக அச்சிட்டால் கெட்ட பெயர் வராது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் செய்து விற்பவர்களும் பதிவு செய்து கொள்ள வேண்டும். பதிவு எண், சேர்ந்த பொருள்கள், எடை, செய்த தேதி இவற்றோடு கடலை, முந்திரி, பால் கலந்தது என்பதையும் உறையில் தெளிவாகப் போட வேண்டும்.

2020-ல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுத் தொழில் முறைப்படுத்தும் திட்டத்தில் கருவிகளுக்கு 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வங்கிக் கடனோடு இணைந்த மானியமும், சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனமும் வகுக்கப்பட்டன. இந்த ஆண்டு விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக் கொண்டு பிறகு ஓவன் வாங்குவது நல்லது. மானியம் வரும் என்று முன்கூட்டிக் கடன் வாங்கி விடக் கூடாது.

பயிற்சிக்குப் பெரம்பலூர்ப் பக்கத்தார் வாலிகண்டபுரம் ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் மையத்திலும், அரியலூர்ப் பக்கத்தார் சோழமாதேவி கிரீடு வேளாண் அறிவியல் மையத்திலும் விசாரிக்கலாம். நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கும் தஞ்சாவூர் நிறுவனத்திலும் சிறுதானியப் பண்டங்கள் செய்யப் பயிற்சி தருகிறார்கள்.

வீட்டுக்கென்று கம்பு விதைக்க நினைப்பவர்களுக்கு நிலம் அதிகம் வேண்டாம். ஏக்கருக்கு 600 கிலோ கண்டாலே பத்து சென்டில் 60 கிலோ வந்துவிடும். கூழுக்கும் வில்லைக்கும் ஒரு வருஷம் காணும். விதை ஏக்கருக்கு 2 கிலோ. ஒரே ஒரு தொல்லை குருவி. சுற்றிலும் மக்காச்சோளம் நிற்கும் நடுவில் தனியாகப் பத்து சென்ட் கம்பு கதிர் விட்டால் அந்த வட்டாரத்துக் குருவியெல்லாம் அதில்தான் இறங்கும். பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலைந்து பேர் பேசி வைத்துக் கொண்டு, ஒரே வாரத்தில், அடுத்தடுத்த துண்டுகளில் விதைத்தால் சேதம் பங்காகிவிடும். காவலுக்கும் ஓர் ஆள் போதும்.